இரண்டாவதாக வைத்த கிட்டார்

ஆல்வின், போன ஞாயிற்றுக்கிழமை நீ அந்தப் பச்சைக் காலுறையைத் துவைத்துக் காயப்போட்டதற்கு உன்னைத் திட்டினேன். அது தப்பு. பத்துப் பன்னிரண்டு வருடமாக வீட்டுக் கிட்டாரின் தலையில் மாட்டிக் கிடந்த ஒற்றைக் காலுறை அழுக்கேறித்தான் இருக்கும். துவைக்கலாம் என்று எந்தப் பிள்ளைக்கும் தோன்றும்.

ஜெனி, அன்றைக்கே நீ கைப்பேசியில் இரண்டு கிட்டார் படத்தைக் காட்டினாய். ஒன்று ஜப்பானில் ஒரே ஆள் தன் கையால் செய்வது, இன்னொன்று அமெரிக்காவில் நாலு பேர் மட்டும் வேலை செய்கிற பட்டறையில் செய்வது. "அப்பா, இதுல எது வர்த் இட்? கைக்கு எது ஈஸி?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அப்பாவுக்கு இந்த விலையெல்லாம் பிடிக்கவில்லை போல என்று நீ தம்பியிடம் சொன்னது காதில் விழுந்தது. அது காரணம் இல்லை.

காலுறை, உன் கேள்வி, இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வருபவை. நான் பத்தாம் வகுப்புவரைதான் படித்தவன். கோர்வையாக எழுத வராது. ஆனால் இதை வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஊரில் அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன், அப்படியே எழுதுகிறேன்.

சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு பழைய கடைத்தொகுதியின் மூன்றாம் மாடியில் அந்தக் கிட்டார் கடை இருந்தது. முன்பக்கம் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கிட்டார்கள். பின்னால் ஒரு கண்ணாடி அறை. ஒன்றிரண்டு பேர் வருடத்துக்குச் சில என்று செய்கிற விலை உயர்ந்த எலெக்ட்ரிக் கிட்டார்கள் அதற்குள் தொங்கும். ஆறாயிரம் வெள்ளி, எட்டாயிரம் வெள்ளி, ஒன்று பதினொன்றாயிரம். மரம் ஈரம் குடிக்கக்கூடாது என்று ராத்திரி பகலாக ஏசி ஓடும். அந்த அறையின் ஆள் அண்ணன். நான் ஸ்டோர்மேன். கம்பி மாற்றுவது, பெட்டி பிரிப்பது, தூசி துடைப்பது என் வேலை.

கிட்டார் வாங்க வருகிறவர்கள் அண்ணனிடம் நேரம் கேட்டு வருவார்கள். வங்கி அதிகாரி, வக்கீல், கம்ப்யூட்டர் வேலைக்காரர், எல்லாரும் படித்தவர்கள். இரண்டு கிட்டாரைக் காட்டி எது நல்லது என்று கேட்பார்கள். அண்ணன் உடனே சொன்னதே கிடையாது. இரண்டுக்கும் ஒரே கனத்தில் புதுக் கம்பி போடச் சொல்வார். கழுத்திலிருந்து கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவார். ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியின் குமிழ்களில் சாக்பீஸ் கோடு போட்டிருப்பார். அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழைகூட யாரும் திருப்பக்கூடாது. கடைசியாக இரண்டு கிட்டாரின் தலையிலும் காலுறையை மாட்டுவார். தேக்காவில் நடைபாதைக் கடையில் வாங்கிய ஒரு ஜோடி பச்சைப் பந்தாட்டக் காலுறை. தலையில்தானே செய்தவன் பெயர் இருக்கும். பெயர் தெரிந்தால் காது பொய் சொல்லும் என்பார்.

வாங்க வந்தவரைச் சுவர் பக்கம் திருப்பி நிற்க வைப்பார். தானும் கண்ணை மூடிக்கொள்வார். நான் ஒவ்வொன்றாக எடுத்து அண்ணன் கையில் கொடுக்க, அவர் வாசிப்பார்.

"தலையை மூடு, கண்ணை மூடு, அப்புறம் வாயைத் திற" என்பார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அது அவர் வாயிலிருந்து வரும்.

ஒருமுறை ஒரு பல் டாக்டர் வந்தார், நம் ஆள்தான். எட்டாயிரம் வெள்ளிக் கிட்டார் ஒன்றை ஏற்கெனவே மனதில் முடிவு பண்ணிவிட்டு, அதற்கு அண்ணன் வாயால் ஒரு நல்ல சொல் வாங்கிப் போக வந்திருந்தார். சுவரைப் பார்த்து நின்றார். அண்ணன் கொஞ்ச நேரம் வாசித்தார். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் அதே கிட்டாரை வாங்கி அதே கிட்டாரைத் திரும்பக் கொடுத்தேன். அண்ணன் அதே பாட்டை வாசித்தார்.

"ரெண்டாவதுதாங்க. நல்லா ஓப்பனா இருக்கு. முதலாவது மூக்கடைச்ச மாதிரி இருந்துச்சு" என்றார் டாக்டர்.

"டாக்டர், ரெண்டும் ஒரே கிட்டாருதான். நீங்க பல்லப் புடுங்கும்போதாவது பாத்துப் புடுங்குங்க" என்றார் அண்ணன்.

டாக்டர் கோபிக்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளியில் வேறொன்றை வாங்கிக்கொண்டு போனார். மேடம் (கடைக்காரச் சீனப் பெண்மணி) அன்று மதியம் அண்ணனிடம் பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்த டாக்டர் அனுப்பிய கூட்டம் கொஞ்சநஞ்சம் இல்லை.

கடையில் மட்டும் அப்படி என்றில்லை. பிரியாணி வாங்கினாலும் இரண்டு கடையில் வாங்கி, "ஒரே நேரத்துல பிரிலே, ஒண்ணு ஆறிப்போனா நாயமா இருக்காது" என்பார். நம் வேதக் கோயிலில் இரண்டு சாமியார்களில் யார் நன்றாகப் பிரசங்கம் வைக்கிறார் என்று எங்கள் பாடகர் குழுவில் பேச்சு வந்தால், "ரெண்டு பேரையும் ஒரே வாசகத்துக்குப் பேச விடுங்க, அப்புறம் சொல்லுதேன்" என்பார். அவருக்கு நியாயம் என்றால் இரண்டு பக்கமும் எல்லாம் சமமாக இருப்பது. சமமாக வைத்துவிட்டால் பிறகு சொன்ன சொல்லை மாற்றவே மாட்டார். அந்தப் பதினொன்றாயிரம் வெள்ளிக் கிட்டாரை மேடம் ஆசை ஆசையாக வரவழைத்தார். வாங்க வந்த ஆளின் முன்னால் அண்ணன், "இதுல அஞ்சாவது ஃபிரெட் தூக்கி நிக்கு" என்றார். ஃபிரெட் என்பது கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகக் கம்பி. அதை ஒட்டி விரலை வைத்து அழுத்தினால்தான் ஸ்வரம் பிறக்கும். மேடம் கையைப் பிசைந்தார். மறுபடி வாசித்துப் பார்க்கச் சொன்னார். அண்ணன் தொடவில்லை. வந்தவர் போய்விட்டார். பிறகு அளந்து பார்த்தபோது அண்ணன் சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து அவர் வார்த்தைக்கு அந்தக் கடையில் மறு வார்த்தை இல்லை. பின்னால் நடந்ததெல்லாம் அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நானும் அவரும் அதற்கு முன்னால் ஒரு கப்பல் பட்டறையில் ஆறு வருடம் கிரைண்டர் பிடித்தவர்கள். ஒரே அறை, மேல் கட்டிலும் கீழ் கட்டிலும். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தோறும் இந்தக் கடைக்குப் போய்ச் சும்மா நின்று, கிட்டார்களைச் சரிபண்ணிக் கொடுத்து, அப்படியே வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு வருடம் கழித்து மேடத்திடம் சொல்லி எனக்கும் எஸ் பாஸ் என்கிற வேலை அனுமதி எடுக்க வைத்தார். என்னைத் தெரியாத கடையில் அவர் சொல்லை நம்பி என்னைச் சேர்த்தார்கள்.

கிரைண்டர் பிடித்தவன் கை, சுவிட்சை அணைத்த பிறகும் நடுங்கிக்கொண்டிருக்கும். சிலருக்கு வருடங்கள் கழித்து விரல் நுனி வெளுக்க ஆரம்பிக்கும். குளிர் பட்டால் மெழுகுவத்தி மாதிரி ஆகிவிடும், ஊசியால் குத்தினாலும் தெரியாது. சூடு பட்டால் திரும்ப ரத்தம் வரும். எனக்கு வலது கையில் இரண்டு விரல் அப்படி. அண்ணனுக்கு இடது கையில் மூன்று. கழுத்தைப் பிடித்துக் கம்பியை அழுத்துகிற கை.

அவர் கண்ணாடி அறைக்குள் எப்போதும் ஒரு கிளாஸ் கோப்பியோடுதான் போவார். குடிப்பதைவிட இடது கையால் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அதிகம். வீண் பழக்கம் என்று நினைத்தேன். ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் கோப்பியைத் தட்டிவிட்டுக் கம்பளமெல்லாம் கொட்டியது. மறுநாள் மேடம் கதவில் அறிவிப்பு ஒட்டினார், உள்ளே யாரும் எதுவும் குடிக்கக்கூடாது என்று. அண்ணன் அதைப் படித்துவிட்டு, "சரிதானே, மரத்துக்குக் கோப்பி எதுக்கு?" என்று கிளாஸை வெளியே வைத்துவிட்டுப் போனார்.

அதற்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குப் பிடிபட்டது. நான் இரண்டாவதாக எடுத்துக் கொடுக்கும் கிட்டார் எதுவும் ஜெயிப்பதில்லை.

வெளியே வெயிலிலிருந்து உள்ளே வருவார், கை சூடாக இருக்கும், முதலாவதை வாசிப்பார். கால் மணி, இருபது நிமிடம். அதற்குள் விரல் வெளுத்துவிடும். இரண்டாவதை வாங்கும்போது அந்த மூன்று விரலும் அவருடையவை அல்ல. சரியாக அழுத்தாத விரலுக்குக் கம்பி சரியாகப் பேசாது, இரையும், சீக்கிரம் அடங்கிவிடும். வலித்தால் தெரிந்திருக்கும். மரத்துப்போனது எப்படித் தெரியும்? அதிலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவர். ஒருமுறை கம்பி கிழித்து அவர் நடுவிரலிலிருந்து ரத்தம் கிட்டாரின் கழுத்தில் ஒழுகியது. நான் சொன்ன பிறகுதான் பார்த்தார்.

கம்பி ஒன்று, உயரம் ஒன்று, ஆம்ப் ஒன்று, தலையில் காலுறை ஒன்று. கை மட்டும் வேறு வேறு. அது அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

நான் சொல்லவில்லை. அதோடு நிற்கவும் இல்லை. பேருந்து ஓட்டும் ஒருவர் ரொம்ப நாள் ஆசையோடு வந்தார். விலை குறைந்ததை வாங்கினால் அவருக்கு நல்லது என்று நினைத்து, அதை முதலில் வைத்தேன். அதுதான் ஜெயித்தது. அவர் அண்ணன் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நல்லதுதானே செய்தோம் என்று எனக்குள் சந்தோஷம். இப்படி நாலைந்து தடவை. அண்ணனின் வாயை நான் திருப்பிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் நசீர் வந்தார்.

நசீர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். பொங்கோலில் வீடு. விமானம் பழுது பார்க்கிற நல்ல வேலையை விட்டுவிட்டு, ஒரு சின்னப் பட்டறை வாடகைக்கு எடுத்து, இரண்டு வருடமாகக் கிட்டார் செய்துகொண்டிருந்தார். கொண்டுவந்தது அவருடைய ஒன்பதாவது. நாலாயிரத்து இருநூறு வெள்ளி சொன்னார். எட்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி அமெரிக்கக் கிட்டாரின் பக்கத்தில் அது நிற்கும் என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், வருடம் ஆறு கிட்டார் கடையில் எடுத்துக்கொள்வதாக மேடம் ஒத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் வருவதற்கு முன் நசீர் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். "ப்ரோ, இன்னைக்கு டென்ஷனா இருக்கு லா. வீட்டுல சொல்லிட்டேன், இந்தக் கடை எடுத்துக்கிட்டா பட்டறைய நடத்துறேன், இல்லாட்டி மூடிட்டுப் பழைய வேலைக்கே போறேன்னு. வைஃப் பாவம், எவ்வளவு நாள்தான் தாங்குவா?"

நான் கம்பி மாட்டும்போது அந்தக் கிட்டாரை இரண்டு முறை தட்டிப் பார்த்தேன். மேல் பலகையில் தண்ணீரில் காற்று அடித்த மாதிரி அலை அலையாக ரேகை ஓடும் மேப்பிள் மரம். ஜெனி, நீ தினமும் தொடுகிற அதே மரம்தான். கம்பியைச் சும்மா சுண்டினாலே பலகை முழுவதும் அதிர்ந்தது. இதை முதலில் வைக்கவேண்டும் என்று நினைத்து, முதல் ஸ்டாண்டில் வைத்தேன்.

மேடம் உள்ளே வந்தார். பார்த்தார். "நோ நோ. ஷாப் கிட்டார் ஃபர்ஸ்ட், லா" என்றார்.

எடுத்து இரண்டாவது ஸ்டாண்டுக்கு மாற்றினேன். வாய் திறந்து ஏதாவது ஒன்று சொல்லியிருக்கலாம். அண்ணன் உள்ளே வந்ததும், "அண்ணே, கையைக் காட்டுங்க" என்றாவது சொல்லியிருக்கலாம். ஜெனி, நீ அப்போது ஊரில் சித்தி வீட்டில் இருந்தாய், ஆறு வயது. அம்மாவும் நானும் பிஆருக்கு, இங்கேயே நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு, விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தோம். அண்ணனின் கை ஆகாது என்று தெரிந்தால் அண்ணன் போவார். அவர் சொல்லால் வந்த நானும் போவேன், விண்ணப்பமும் போகும், நீ வருவதும் போகும் என்று கணக்குப் போட்டேன். உன்மேல் பழி போடவில்லை. என் பயத்துக்கு உன் முகத்தை மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அண்ணன் முதலாவதை வாசித்தார். அன்றைக்கு என்னவோ நிறைய நேரம் வாசித்தார். நசீர் சுவரைப் பார்த்துக் கையைக் கட்டி நின்றார். நான் இரண்டாவதைக் கொடுக்கும்போது அண்ணன் விரல் என் விரலில் பட்டது. ஐஸ் கட்டி.

வாசித்தார். மேலே போகப் போகக் கம்பி முனகியது. கண்ணைத் திறக்காமலே கிட்டாரை என்னிடம் நீட்டினார்.

"முதலாவதுதான். ரெண்டாவது தூக்க லேசா இருக்கு, கழுத்தும் கைக்கு அடங்குது. ஆனா மூணாவது கம்பி பன்னெண்டாவது ஃபிரெட்டுக்கு மேல மூச்சு விடல. இந்த விலைக்கு ஆகாது."

நசீர் திரும்பினார். முகம் சிறுத்துப்போயிருந்தது. "அண்ணே, பட்டறையில அந்த இடத்துல நல்லாப் பேசுச்சுண்ணே. இன்னொரு தடவ ரெண்டையும் வாசிச்சுப் பாருங்களேன், ப்ளீஸ்."

"ஒரு தடவ கேட்டதுக்குத்தான் நாயம் தம்பி. மறுபடி மறுபடி வாசிச்சா மனசு தனக்குப் புடிச்சதச் சொல்லும்." என் பக்கம் திரும்பினார். "எலே, நீயே சொல்லு. ரெண்டுக்கும் கம்பி உயரம் ஒண்ணுதான?"

"ஒண்ணுதாண்ணே" என்றேன்.

அது உண்மை. ஸ்கேலை வைத்துப் பார்த்திருந்தேன். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

நசீர் கிட்டாரை எடுத்துப்போகவில்லை. "இருக்கட்டும் லா, அப்புறம் வந்து எடுத்துக்குறேன்" என்று போனவர் வரவில்லை. பட்டறையை மூடிவிட்டார் என்று ஒரு மாதத்தில் கேள்விப்பட்டோம். கிட்டார் என் ஸ்டோரில் நின்றது. பெயர் கண்ணில் படவேண்டாம் என்று, ஒப்பிட ஆள் வராத நேரமெல்லாம் ஒரு காலுறையை அதன் தலையிலேயே மாட்டிவைப்பேன். காலையில் கதவைத் திறந்தால் முதலில் அதுதான் கண்ணில் படும்.

தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பாடகர் குழுவின் கிட்டார் பழுதாகிவிட்டது. நான் இதைத் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போனேன். ஏன் இதை எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஸ்டோரில் வேறு நாலு கிட்டார் சும்மாதான் இருந்தன. தலையில் மாட்டிய காலுறையைக் கழற்றவும் இல்லை. கண்ணை மூடியே வாசித்ததால் அண்ணன் அந்தக் கிட்டாரை ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை.

அந்த மண்டபத்தில் ஏசி கிடையாது. மூன்று மின்விசிறி, அதில் ஒன்று ஓடாது. எல்லாருக்கும் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அண்ணன் கிட்டாரை வாங்கி மடியில் வைத்து, மண்டபத்து ஆம்ப்பில் மாட்டி, சிலுவைப்பாதைப் பாட்டு ஒன்றை வாசிக்க ஆரம்பித்தார். பாடிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பாட்டை நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேலே போய் மூன்றாவது கம்பியில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தினார். அது போய்க்கொண்டே இருந்தது.

"யார் செஞ்சதுலே இது? நம்ம கடைக்கு வந்திருக்கா? அந்த எட்டாயிரத்து ஐந்நூறு வெள்ளிக் கிட்டார இதுக்குப் பக்கத்துல வைக்கவே முடியாது!" சின்னப் பிள்ளை மாதிரி அவர் முகமெல்லாம் சிரிப்பு. அதே சிரிப்போடு காலுறையை உருவினார்.

தலையில் சிப்பி பதித்து, சின்ன எழுத்தில் நசீரின் பெயர்.

அண்ணன் காலுறையை மடியில் போட்டார். அந்த ஸ்வரத்தை மறுபடி அழுத்திப் பார்த்தார். மறுபடி. பிறகு இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்பாக, வியர்த்து, உயிரோடு இருந்த விரல்கள்.

திங்கட்கிழமை கடை திறப்பதற்கு முன் என்னைக் கண்ணாடி அறைக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, உள்ளே போய் நாற்காலியில் சும்மா உட்கார்ந்தார். அரை மணி நேரம். பிறகு நசீரின் கிட்டாரை எடுத்து வாசித்தார், இந்தத் தடவை கண்ணைத் திறந்து விரலைப் பார்த்துக்கொண்டே. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்குச் சத்தம் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

வெளியே வந்து கேட்டார். "எலே, உனக்கு இது தெரியுமா? நீதான எடுத்து எடுத்துக் குடுக்க. எப்பவாச்சும் தோணுச்சா?"

"இல்லண்ணே. தெரியாதுண்ணே."

"ம்" என்றார். அதற்கப்புறம் அவர் என்னை அதைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று சாயங்காலமே பொங்கோலுக்குப் போனோம். அண்ணன் அந்தக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். பதினோராவது மாடி. வாசலில் ஒரு புது ஷூ ரேக். மூன்று தட்டு. அலை அலையாக ரேகை ஓடுகிற அதே மேப்பிள் பலகை. ஒரு தட்டின் ஓரத்தில் கிட்டார் இடுப்பின் வளைவு அப்படியே அறுபடாமல் இருந்தது. அதன்மேல் பிள்ளைகளின் பள்ளிச் சப்பாத்தும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் இருந்தன.

அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைக் கழற்றி, ரேக்கில் வைக்காமல், தள்ளி, வெறும் தரையில் வைத்தார். நானும் அப்படியே செய்தேன்.

நசீர் வேலைச் சீருடையோடு வந்து கதவைத் திறந்தார். "அட, அண்ணன்! வாங்க வாங்க. உள்ள வாங்க, என்ன குடிக்கிறீங்க?"

அண்ணன் உள்ளே போகவில்லை. "தம்பி, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. குறை கிட்டாருல இல்ல. என் கையில. குளிருல என் விரல் செத்துப்போவுது. எனக்கே தெரியல" என்றார். சொன்ன சொல்லை அவர் திருப்பி எடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தலையைக் குனியவில்லை, நேராகப் பார்த்துச் சொன்னார்.

நசீர் ரேக்கைப் பார்த்தார், பார்வையை எடுத்துக்கொண்டார். "விடுங்கண்ணே. மெஷின் எல்லாம் வித்தாச்சு. பழைய இடத்துலயே திரும்ப எடுத்துக்கிட்டாங்க. ஷிஃப்ட் வேலைதான், ஆனா ஓகே லா. உங்களுக்கு எப்படித் தெரியும், பாவம்? யாருக்குத்தான் தெரியும்?"

நான் அண்ணனுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

கிட்டாரை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்களே வாசிங்கண்ணே. வீட்டுல இருந்தா நான் பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றார்.

மறுநாள் அண்ணன் மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். கோப்பியை நிறுத்தியதிலிருந்து தான் சொன்ன எதையும் நம்பவேண்டாம், வாங்கிப்போனவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள் என்றார். மேடம் கெட்டவர் இல்லை. அழுதார். அந்த அறிவிப்பை அவரே கிழித்து எடுத்தார். ஆனால் கிட்டாரைத் திருப்பிக்கொண்டு வந்தவர்கள் கடை வாசலில் வைத்து அண்ணனை என்னென்னவோ கேட்டார்கள். ஒருவர், "யூ சீட் பீப்பிள் ஆர் வாட்?" என்று ஏமாற்றுக்காரனைக் கேட்கிற மாதிரி கத்தினார். அண்ணன் ஒவ்வொருவரிடமும், "ஆமா, என் தப்பு" என்றார். அதில் நாலைந்து என் தப்பு. அந்தப் பேருந்து ஓட்டுநர் மட்டும் வரவில்லை. அவருக்குக் கிட்டார் பிடித்துவிட்டது போல.

மாதக் கடைசியில் அண்ணனின் பாஸை ரத்து பண்ணினார்கள். விமான நிலையத்துக்கு நான் மட்டும்தான் போனேன். நசீரின் கிட்டாரை என்னிடம் கொடுத்தார், ஒரு காலுறையை மட்டும் மாட்டி.

"இன்னொண்ணு எங்கண்ணே?"

"அது என்கிட்ட இருக்கட்டும். ரெண்டும் இருந்தா நீயும் ஒப்பிட்டுக்கிட்டே கெடப்ப." சிரிக்கப் பார்த்தார். "இத மண்டபத்துல வாசி. குளிருக்குக் கொண்டுபோகாத."

அவர் இடத்தில் மேடம் என்னை உட்கார வைத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேரங்காடியில் ஒரு ஜோடி வெள்ளைக் காலுறை வாங்கினேன். இரண்டு வருடம் அந்த அறையில் இரண்டு கிட்டாரை வைத்து ஒன்றைச் சொன்னேன். பிஆர் வந்தது. ஜெனி, நீ வந்தாய். ஆல்வின், நீ பிறந்தாய். பிறகு கடை மூடியது, நான் இப்போது பார்க்கிற வேலைக்கு வந்தேன்.

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அண்ணனுக்குப் போன் பண்ணுவேன். இந்தத் தடவை சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எண்ணை அழுத்துவேன். அவர் உங்களைப் பற்றிக் கேட்பார். கிட்டாருக்குக் கம்பி மாற்றினாயா என்பார். பேச்சு அப்படியே முடிந்துவிடும். போன வருடம் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் அவர் படத்தைப் போட்டு, இறைவனில் இளைப்பாறினார் என்று எழுதியிருந்தார்கள். நானும் எல்லாரையும்போல இரண்டு கை கூப்பிய படம் அனுப்பினேன்.

ஜெனி, உன் கேள்விக்குப் பதில். சனிக்கிழமை கடைக்குப் போகும்போது முதலாவதை வாசி, இரண்டாவதை வாசி, பிறகு முதலாவதை மறுபடி வாசி. நடுவில் வெளியே வந்து கையைச் சூடு பண்ணிக்கொள். அதைத்தான் நசீர் அன்றைக்குக் கெஞ்சிக் கேட்டார். நம் வீட்டுக் கிட்டாரையும் எடுத்துவந்து பக்கத்தில் வை. காலுறை வேண்டாம், பெயர் தெரியட்டும்.

ஆனால் கடைக்கு முன்னால் பொங்கோலுக்குப் போகிறோம், மூன்று பேரும். நேற்று நசீருக்குப் போன் பண்ணினேன். என்ன விஷயம் என்றார், நேரில் சொல்கிறேன் என்றேன். யாருக்குத்தான் தெரியும் என்று அவர் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் நான் பாதியில் நிறுத்தமாட்டேன்.

அவர் வீட்டு வாசலில் ஒரு ஷூ ரேக் இருக்கும், மூன்று தட்டு. அதன்மேல் செருப்பை வைக்காதீர்கள். தரையில் வையுங்கள்.